கோயில் சுவிட்ச் பெட்டிகள் இனி தங்கள் பேரைச் சொல்லும்



போன மாசம் அந்தப் பெரிய இடி மின்னலுக்குப் பிறகு உண்டியல் பக்கத்துக் கேமரா 3 நாள் படம் காட்டலை. ஏன்னு பல பேர் கேட்டீங்க. கேட்க வேண்டிய கேள்விதான், அது பொதுப்பணம். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

கேமரா கெடவே இல்லை. நடுவுல இருந்த ஒரு சுவிட்ச் பெட்டிதான் மின்னல்ல போயிடுச்சு. அது எங்கே இருக்குன்னு யாருக்கும் தெரியலை. அந்த வயரெல்லாம் இழுத்த அண்ணன் காலமாகி 2 வருஷம் ஆகுது. வேலை முடிஞ்சு வந்து, ஒரு காசு வாங்காம, ராத்திரி ராத்திரியா இழுத்தவர். பார்க்க வந்த குத்தகைக்காரர் முழுசா புது வயர் இழுக்கணும்னு சொல்லி, பல ஆயிரம் வெள்ளிக்கு விலை கொடுத்தார். கடைசியில ஏணி போட்டுத் தேடி, மடப்பள்ளிக்குப் பின்னால சிலிங் மேல, எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சு கிடந்த பெட்டியைக் கண்டுபிடிச்சோம். ஒரு புதுப் பெட்டியோட செலவு முடிஞ்சது.

நான் படிச்சது எஸ்பிஎம் வரைக்கும்தான். ஆனா எங்க தொழிற்சாலையில நெட்வொர்க் பார்க்கிற தம்பி, உட்கார்ந்த இடத்திலேயே எந்த சுவிட்ச்ல எந்த போர்ட்ல என்ன மாட்டியிருக்குன்னு சொல்லிடுவார். அதுக்குப் பேர் எல்எல்டிபி. 2005-ல வந்த பொது விதி, எந்தக் கம்பெனிப் பெட்டிக்கும் பொருந்தும். ஒவ்வொரு பெட்டியும் 30 விநாடிக்கு ஒரு தரம், நேரா வயர்ல இணைஞ்ச பக்கத்துப் பெட்டிகிட்ட மட்டும் "நான் இன்னார், இந்த போர்ட்ல இருக்கேன்"னு சொல்லும். கேட்ட பெட்டி அதைக் குறிச்சு வச்சுக்கும், அடுத்த பெட்டிக்குக் கடத்தாது. 120 விநாடி சத்தம் இல்லைன்னா பட்டியல்லருந்து எடுத்துடும்.

பிரிக்பீல்ட்ஸ் ஆலயத்து நண்பர்களும் கேட்டதால செய்த விதத்தைச் சொல்றேன். முதல்ல பேர் வைக்கணும்: மடப்பள்ளி, ஆபீஸ், கோபுரம்னு. பேர் வைக்காம ஆன் பண்ணினா எல்லாப் பெட்டியும் "சுவிட்ச், சுவிட்ச்"னுதான் சொல்லும். பிறகு மெனுவில் எல்எல்டிபியை எனேபிள் பண்ணணும். சிஸ்கோன்னா "எல்எல்டிபி ரன்", பார்க்கிறதுக்கு "ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ்". சேவ் பண்ணாம விட்டா கரண்ட் போய் வந்ததும் பல பெட்டிகள் மறந்துடும். வெளியாட்கள் லேப்டாப் மாட்டுற மண்டப போர்ட்லயும், இன்டர்நெட் மோடம் பக்கமும் அனுப்புறதை நிறுத்திடுங்க. பெட்டியோட மாடல், ஐபி முகவரி வரைக்கும் சொல்லிடும், அது ஊருக்குத் தெரிய வேண்டாம்.

ஆன் பண்ணின அன்னைக்கே பட்டியல்ல நாங்க யாரும் பேர் வைக்காத ஒரு பெட்டி வந்துச்சு. "மேடை கீழ்"னு இங்கிலீஷ் எழுத்துல இருந்துச்சு. கல்யாண மண்டப மேடைப் பலகையைக் கழட்டிப் பார்த்தா, உள்ளே பச்சை விளக்கு மினுக்கிக்கிட்டு ஒரு சுவிட்ச். அண்ணன் வச்சது. அவர் அப்பவே எல்எல்டிபியைத் திறந்து பேரும் வச்சிருக்கார். கேட்கத்தான் இந்தப் பக்கம் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசலை.

மலிவான 5 போர்ட் பெட்டிகள் பேசாது. நம்மகிட்ட இன்னும் 3 இருக்கு, அதையெல்லாம் கையாலதான் தேடி எழுதினோம். செத்த பெட்டியும் பட்டியல்ல நிக்காதுங்கிறதால, முழுப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் பீரோவுல வச்சாச்சு.

தைப்பூசத்துக்குள்ள அந்த 3 பெட்டியையும் மாத்தணும். உங்க ஆபீஸ்ல செட்டிங் பண்ணக்கூடிய நல்ல பழைய சுவிட்ச் சும்மா கிடந்தா சொல்லுங்க. ஞாயிறு காலைப் பூசை முடிஞ்சதும் வேலை. பிள்ளைங்க 2 பேராவது வந்து கத்துக்கணும், எனக்கும் வயசு ஆகுது. ஏணி நான் கொண்டு வர்றேன்.