நோயாளியை உள்ளே அழைத்த குளம்

கேமரன் மலை தேயிலைக்காகவே திறக்கப்பட்டது என்று திரிங்காப் பக்கத்தில் பலரும் நினைக்கிறோம். பிரிஞ்சாங் பக்கம் போனாலும் கம்போங் ராஜா பக்கம் போனாலும் தேயிலையும் காய்கறிக் கொட்டகைகளுமே கண்ணில் படுவதால் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்த இந்த மேட்டுநிலத்தை, 1925-இல் வந்து பார்த்த ஆங்கிலேய அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலைவாசத்தலம் ஆக்கலாம் என்றார். கீழ்நாட்டு வெக்கையிலும் மலேரியாவிலும் நலிந்துபோன வெள்ளைக்காரர்கள் ஏறிவந்து, குளிர்காற்றில் உடம்பைத் தேற்றிக்கொண்டு இறங்குவதற்கான இடம் அது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் சரிவில் செடி நட்ட தமிழர்களுக்குக் காய்ச்சல் வந்தால் லயத்து அறையும் ஒரு கம்பளியும் தோட்டத்து டிரஸர் கொடுக்கும் மருந்தும்தான். ஒரே மலை, ஒரே குளிர். உடம்பு தேற வந்தவருக்கு பங்களா கிடைத்தது. உடம்பைத் தேய்த்தவருக்கு அது கிடைக்கவில்லை.

நோயிலிருந்து எழுவதற்கென்று ஓர் இடத்தைக் கட்டும்போது அங்கே யாரை உள்ளே விடுவது என்பது பழைய கேள்வி. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே செங்கல்லாலும் தண்ணீராலும் அதற்குப் பதில் சொன்ன ஓர் ஊர் பஞ்சாபில் இருக்கிறது. அம்ரித்சரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டரில் உள்ள தரன் தாரன்தான் அது. நம் மலாயாவுக்கும் அந்த வட்டாரத்துக்கும் உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பேராக் போலீஸ் படைக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறி வந்தவர்கள் பஞ்சாபின் சீக்கிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் போன இடமெல்லாம் குருத்வாரா எழுந்தது. கேமரன் மலையிலும் ஒன்று இருக்கிறது.

தரன் தாரன் ஐந்தாம் குரு அர்ஜன் தேவ் நிறுவிய ஊர். 1590-ஐ ஒட்டி இங்கே குளம் வெட்டும் வேலை தொடங்கியது. அம்ரித்சரின் பொற்கோயில் குளத்தின் நடுவே நிற்கிறது. இங்கே கோயில் குளத்தின் தென்கிழக்கு மூலையில், கரையிலேயே நிற்கிறது. இந்த ஊரில் கண் முதலில் பிடித்துக்கொள்வது தண்ணீரைத்தான். சீக்கியத் திருக்குளங்களில் இதுவே மிகப் பெரியது என்கிறார்கள். சுற்றுப்பாதையில் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டர் நடந்த மாதிரிதான்.

குளம் எளிதில் எழும்பிவிடவில்லை. குரு சூளை போட்டுச் சுட்டுவைத்த செங்கற்களை, அந்தப் பக்கத்து அதிகாரி நூருத்தீன் தான் கட்டிக்கொண்டிருந்த சத்திரத்துக்கு அள்ளிக்கொண்டு போனார். அந்தச் சத்திரத்தின் பெயரால் இன்றும் சராய் நூருதீன் என்று சில கிலோமீட்டரில் ஓர் ஊர் இருக்கிறது. வேலை நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீக்கியப் படைத்தலைவர் ஜஸ்ஸா சிங் ராம்கரியா அந்தச் சத்திரத்தை இடித்து, செங்கற்களை மீட்டுவந்து கரை கட்டக் கொடுத்தார். குரு சுட்ட கல் இன்னொருவர் சுவரில் பல தலைமுறை இருந்துவிட்டுத் தன் குளத்துக்குத் திரும்பியிருக்கிறது. கட்டடங்களின் கதையில் இப்படி ஒரு திரும்புதல் அபூர்வம்.

அடுத்து வந்தவர் மகாராஜா ரஞ்சித் சிங். 1802-இல் இங்கேதான் அவரும் இன்னொரு சீக்கியத் தலைவரான ஃபதே சிங் ஆலுவாலியாவும் தலைப்பாகை மாற்றிக்கொண்டு உடன்பிறப்பானார்கள். பின்னாளில் சுற்றுப்பாதையின் மிச்சத்தைப் பாவி முடித்ததும், 1830-களில் கோயிலைப் புதுக்கியதும் அவர் காலத்துப் பணிகள். மேல்தளங்களுக்குப் பொன்தகடு வந்தது. அவருடைய பேரன் நௌ நிஹால் சிங் குளத்தின் நான்கு மூலையிலும் நான்கு கோபுரங்கள் எழுப்ப நினைத்தார். ஒன்று எழுந்தது. 1840 நவம்பரில், தந்தையின் தகனம் முடித்துத் திரும்பிய அன்றே, லாகூரில் வாசல் வளைவு இடிந்து விழுந்த விபத்தில் அடிபட்டு அந்த இளைஞர் இறந்தார். மற்ற மூன்று மூலைகளிலும் இன்றுவரை கோபுரம் இல்லை. 1905 ஏப்ரல் 4-இல் காங்ராவை உலுக்கிய நிலநடுக்கம் கோயிலின் குவிமாடத்தைச் சிதைத்தது. அதையும் திரும்பக் கட்டினார்கள். எனக்கு அந்தப் பொன்தகட்டைவிட, தனியாக நிற்கும் அந்த ஒற்றைக் கோபுரம்தான் இந்த ஊருக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நெடுநாள் படுத்து எழுந்தவர்களின் உடம்பும் அப்படித்தான், திட்டமிட்டதெல்லாம் திரும்ப எழுவதில்லை, எழுந்ததை வைத்துக்கொண்டுதான் மிச்ச வாழ்க்கை.

இந்தக் குளத்தை மற்றக் குளங்களிலிருந்து வேறாக்குவது தொழுநோய். சாதி, ஊர், உறவு எல்லாம் ஒருசேரக் கைவிட்ட நோயாளிகளுக்கு குரு அர்ஜன் இங்கே ஓர் இல்லம் அமைத்தார், தாமே அவர்களைப் பேணினார் என்பது சீக்கிய மரபு. பெருநோய் கண்டவர் என்றால் பெற்ற பிள்ளையே கிட்டே வராத காலம் அது. குளத்துத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் அங்கிருந்து வளர்ந்தது. பின்னாளில் ஆங்கிலேய ஆட்சியில் கிறிஸ்தவ மிஷனரிகள் இதே ஊரில் தொழுநோயாளர் இல்லம் நடத்தினார்கள். மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அந்த நோயாளிகள் தேடிவந்த ஊர் இதுவாகவே இருந்திருக்கிறது.

வைத்தீஸ்வரன் கோயில் சித்தாமிர்தக் குளத்தை அறிந்த தமிழருக்கு இது புரியாத விஷயம் இல்லை. அம்ரித்சரில் பொற்கோயில் குளக்கரையிலேயே ஓர் இலந்தை மரம் நிற்கிறது. துக்க பஞ்சனி என்று பெயர். பீபி ரஜ்னி என்ற பெண் தன் தொழுநோய்க் கணவனைக் கூடையில் வைத்துத் தூக்கிவந்து அதன் நிழலில் விட்டுப் போனாள், கறுப்புக் காகங்கள் குட்டையில் மூழ்கி வெள்ளையாக எழுந்ததைக் கண்டு அவன் தானும் இறங்கினான், குணமானான் என்பது கதை. கதையின் உயிர் காகத்தில் இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஊர் ஊராகச் சோறு கேட்டு, அந்தக் கூடையை அவள் கீழே போடாமல் சுமந்தாள் அல்லவா, அதில் இருக்கிறது.

சீக்கிய நெறி மந்திரம், தாயத்து, குறி பார்த்தல் இவற்றை ஏற்பதில்லை. 1945-இல் ஒப்புதல் பெற்ற நடத்தை நெறியிலும் இது வெளிப்படையாக இருக்கிறது. அப்படியென்றால் நோயாளி எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்? பக்தர்கள் செய்வதைக் கவனித்தால் விடை கிடைக்கும். குரு அர்ஜன் இயற்றிய சுக்மனி என்ற பாடல்தொகுதி 24 அட்டபதிகள் கொண்டது. நோய் கண்ட வீட்டில் அதைப் படிப்பார்கள். படிக்க மூச்சு இல்லாதவருக்கு அருகில் ஒருவர் உட்கார்ந்து படிப்பார். முழுவதும் ஓத ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும், அந்த நேரம் முழுக்க நோயாளி தனியாக இல்லை. பிறகு அர்தாஸ், கூட்டத்தோடு நின்று வேண்டுதல். அதன் முடிவில் எல்லோருடைய நன்மைக்காகவும் வேண்டுகிறார்கள். வலியில் சுருண்டு கிடப்பவரையும் பிறருக்காக வேண்டச் சொல்லும் வழக்கம் இது. நோய் மனிதரைத் தன் உடம்புக்குள் அடைத்துவிடும். ஒரு நிமிடமாவது அதிலிருந்து வெளியே வருவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று படுத்து எழுந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது சேவை. லங்கர் என்னும் பொது அடுக்களையில் சப்பாத்தி தேய்ப்பது, வந்தவர்களின் செருப்பை வாங்கி அடுக்குவது, தரை துடைப்பது. பாரம் தூக்க முடியாதவர் உட்கார்ந்தே பூண்டு உரிக்கலாம். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்த ஒருவர், தன் கையால் இன்னொருவர் தட்டில் பருப்பு ஊற்றும்போது அவருக்குத் திரும்பக் கிடைப்பது என்ன என்பதை எந்த மருத்துவ அறிக்கையும் எழுதாது. சீக்கியர்கள் சர்தி கலா என்று சொல்லும் தளராத மனநிலை, உபதேசத்தில் வருவதைவிட இந்த அடுப்படியில்தான் அதிகம் வருகிறது என்பது என் எண்ணம்.

இந்த நம்பிக்கையையே உரசிப் பார்க்கும் நோய்களும் உண்டு. புற்றுநோய்க்கு கீமோ ஏறும்போது முடி கொட்டுகிறது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத கேசத்தை உடம்பின் அங்கமாகவே பேணிய சீக்கியருக்கு, தலையணையில் கற்றை கற்றையாக அதைப் பார்ப்பது மற்றவர்களுக்கு நேர்வதைவிடக் கூடுதலான ஓர் இழப்பு. தலையில் அறுவை சிகிச்சை என்றால் மழித்தே ஆகவேண்டி வரலாம். முடி போனபின்னும் விடியற்காலையில் எழுந்து தலைப்பாகையை மடிப்பு மடிப்பாகக் கட்டிக்கொண்டு சிகிச்சைக்குப் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று அதைக் கட்டும் அந்தச் சில நிமிடங்களில் தான் யார் என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார்கள். அதைவிட உறுதியான பிரார்த்தனை எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1926-இன் சட்டம் மலாயாவில் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கச் சொன்னது. 1930-இல் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் பள்ளத்தாக்கு ஒன்றில் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அதன் காலத்தில் உலகின் மிகப் பெரிய தொழுநோயாளர் குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. தனித்தனி வீடுகள், தோட்டம், பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயம், வெளியே செல்லாத தனி நாணயம்கூட இருந்தது. சிறையைப் போன்ற பழைய முகாம்களைவிட மேலான ஏற்பாடுதான் அது. ஆனாலும் வேலி வேலிதான். அங்கே பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். குரு அர்ஜனின் குளக்கரை நோயாளியை ஊரின் நடுவே கூட்டத்துக்குள் அழைத்தது, சட்டம் அவரைப் பள்ளத்தாக்குக்குள் அனுப்பியது. நோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்து அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மருந்து இல்லாத காலத்திலேயே ஒருவர் வேறு விதமாக நடந்துகாட்டியிருக்கிறார்.

இரண்டு இடங்களும் இடிபாட்டைச் சந்தித்தன. சுங்கை பூலோவின் கிழக்குப் பகுதியை 2007-இல் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்துக்காக இடித்தார்கள். தரன் தாரனில் 2019 மார்ச் 30 இரவு, திருப்பணி என்ற பெயரில், பழமையான தர்ஷனி வாயிலின் மேற்பகுதியைத் தொண்டர்கள் உடைத்தார்கள். பக்தர்கள் திரண்டு எதிர்த்தபிறகு வேலை நிறுத்தப்பட்டது. பளிங்கு பாவி, பழசைத் தள்ளிப் புதிதாகக் கட்டுவதே பக்தி என்று நினைக்கும் போக்கு நம் கோயில்களிலும் உண்டு. நோயோடு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தடவிச் சென்ற சுவர் அது. அதே கல்லைச் சிமெண்டில் வார்த்து வைத்தாலும் அது அந்தச் சுவர் ஆகாது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

குரு அர்ஜன் காட்டிய வழியில் நம் காலத்துக்கு அருகிலும் ஒருவர் நடந்தார். குரு 1606-இல் லாகூரில் உயிர் நீத்த இடத்தில் தேரா சாகிப் குருத்வாரா நிற்கிறது, கோட்டைக்கு எதிரே. 1934-இல் அதன் வாசலில் நான்கு வயது மதிக்கத்தக்க, கைகால் முடங்கிய, பேச்சும் வராத ஒரு சிறுவனை யாரோ விட்டுப் போனார்கள். அங்கே சேவை செய்துகொண்டிருந்த பூரண் சிங் அவனை எடுத்துக்கொண்டார், பியாரா சிங் என்று பெயரிட்டார். பதினான்கு ஆண்டுகள் பெரும்பாலும் முதுகில் சுமந்தே திரிந்தார். 1947 ஆகஸ்டில் நாடு பிளந்தபோதும் அவனைச் சுமந்துகொண்டுதான் அம்ரித்சர் வந்து சேர்ந்தார். அகதி முகாமில் யாரும் தொடாத நோயாளிகளைக் கழுவித் துடைத்ததிலிருந்து பிங்கல்வாரா என்ற இல்லம் பிறந்தது. 1957-இல் அது முறையாகப் பதிவானது. பூரண் சிங் தமக்கு 1979-இல் கிடைத்த பத்மஸ்ரீ விருதை 1984-இல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததற்காகத் திருப்பிக் கொடுத்தார். 1992 ஆகஸ்ட் 5-இல் மறையும்வரை பொற்கோயில் வாசலில் உட்கார்ந்து நன்கொடை கேட்டும், தாமே அச்சடித்த துண்டுப் பிரசுரங்களை வருவோர் போவோருக்குக் கொடுத்தும் அந்த இல்லத்தை நடத்தினார்.

மலேசியாவிலிருந்து அம்ரித்சர் போகும் நம்மவர்கள் பொற்கோயிலையும் வாகா எல்லையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் தரன் தாரனுக்கு பஸ் பிடித்தால் ஒரு மணிநேரப் பயணம். அமாவாசை அன்று போனால் குளம் முழுக்க மக்கள் இறங்கி நிற்பதைக் காணலாம், அங்கேயே லங்கரில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். மாலையில் அம்ரித்சருக்குத் திரும்பியதும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜி.டி. சாலையில் பிங்கல்வாரா இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம்.