விடுகைப் பத்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

மூன்று கிழமைக்கு முன் என் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் பாடசாலைக்கு வந்தார். "டீச்சர், இவன்ரை விடுகைப் பத்திரம் எடுக்க வேணும்." பரீட்சைக்கு இன்னும் நாலே மாதம். ஏன் என்று கேட்டேன். "பிரான்சுக்கு அனுப்பப் போறம். தமையன் அங்கை நிக்கிறான்." தோட்டக்காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனுக்கு முதல் காசும் கட்டியாயிற்றாம். பெடியன் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றான். புவியியலில் வகுப்பிலேயே முதலாவது அவன்தான்.

அந்தக் கிழமை நான் படிப்பித்துக்கொண்டிருந்த அலகே இடப்பெயர்வுதான். தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள். அளவெட்டியில் இதற்கு உதாரணம் தேடத் தேவையில்லை. மகாகவி பிறந்த ஊர் இது. அவருடைய மகன் கவிஞர் சேரன் கனடாவில் பேராசிரியர். "வெளிநாட்டிலை சொந்தக்காரர் இல்லாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை.

83 கலவரத்தோடுதான் எல்லாம் தொடங்கியது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முதலில் போனவர்களை யாரும் தள்ளவில்லை. வெள்ளைக்காரன் மலாயாவில் ரயில் பாதை போட்ட காலத்தில், மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலீசு படித்த யாழ்ப்பாணத்துப் பெடியள் கிளாக்கர்மாராகவும் ஸ்டேசன் மாஸ்டர்மாராகவும் கப்பலேறினார்கள். மணியோடர் வந்தது, கல்வீடு எழும்பியது. வயதானதும் பென்சனோடு பலர் ஊருக்கே திரும்பினார்கள். 'மலாயன் பென்சனியர்' என்று அவர்களுக்கு ஒரு பெயரே இருந்தது.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம், 1958இல் கலவரம், 70களின் தொடக்கத்தில் தரப்படுத்தல். அப்போது போனவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள். 83க்குப் பிறகு காசில்லாதவனும் ஓட வேண்டி வந்தது. கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் போய் அசைலம் அடித்தார்கள். 1986 ஓகஸ்ட்டில் 155 தமிழரைக் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நிலையில் மீனவர்கள் காப்பாற்றினார்கள்.

கியூபாவிலும் இதே கதைதான். 1959 புரட்சிக்குப் பிறகு முதலில் போனவர்கள் சொத்துக்காரர்கள். 1980இல் மாரியல் துறைமுகத்தால் சில மாதங்களுக்குள் சுமார் 125,000 பேர் படகுகளில் போனார்கள். 1994இல் டயரையும் பலகையையும் கட்டிய தெப்பங்களில் போனார்கள். எங்கேயும் பிந்திப் போகிறவனுக்குத்தான் பாதை கொடுமை.

"டீச்சருக்கு வெளிநாட்டிலை ஆர் இருக்கினம்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

ஒருவரும் இல்லை. எங்கட ஆக்கள் போனது புத்தளத்துக்கு. 1990 ஒக்டோபர் 30, எனக்கு எட்டு வயது. சோனகத் தெருவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிட வேண்டும் என்றார்கள். உம்மா உலையை இறக்காமலே வந்தா. வாப்பா தையற்காரர். ஆட்கள் தரச்சொன்ன துணிகளை வெட்டி வைத்திருந்தார், தைக்கவில்லை. "அதுகள் ஆக்கின்ரை துணி" என்று மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாதம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கு மேல். எங்களுக்கு இழுக்கும் காரணி என்று ஒன்றும் இருக்கவில்லை. பாலாவியில் கிடுகுக் கொட்டில்தான் இருந்தது.

வகுப்பு சத்தமில்லாமல் இருந்தது. பின்வாங்கிலிருந்து இவன்தான் பேசினான்: "டீச்சர், எங்கட அம்மம்மா ஆக்களும் ஒக்டோபர் 30தான் வெளிக்கிட்டவை. 95இலை. நாவற்குழிப் பாலத்தாலை மழைக்குள்ளை நடந்தவையாம்."

ஐந்து வருடம் இடைவெளி, ஒரே திகதி. இத்தனை வருடம் படிப்பிக்கிறேன், நான் இதை இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை.

இப்போது சண்டையில்லை. ஆனால் 2022இல் ரூபா விழுந்த வருடம் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக இந்த நாட்டை விட்டுப் போனார்கள். அந்த நவம்பரில்தான் முந்நூறுக்கு மேற்பட்ட இலங்கையரோடு தத்தளித்த கப்பலை ஜப்பான் கப்பலொன்று கண்டு, அவர்களை வியட்நாமில் கரை சேர்த்தது. இந்தச் செய்தியும் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போகிறார்கள்.

தாய்க்குத் தெரியாமல் அவனைக் கேட்டேன், உனக்குப் போக விருப்பமா என்று. "கம்பஸ் முடிச்ச எங்கட அக்கா சுன்னாகத்திலை கடையிலை பில் போடுறா டீச்சர்" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் திரும்பி வந்தவள். கூரையில்லாத வீட்டுக்குத்தான் வந்தேன், வாப்பாவைப் புத்தளத்து மண்ணில் விட்டுவிட்டு. பரீட்சை எழுதிவிட்டாவது போகட்டும் என்று தாயிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "சோதினையைப் பாத்துக்கொண்டு நிண்டா பாதையைப் பூட்டிப்போடுவாங்கள் டீச்சர்" என்றார். அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

போகும்போது அவன், "போய்ச் சேர்ந்ததும் வட்ஸ்அப்பிலை சொல்லுறன் டீச்சர்" என்றான். நேற்று இரவு நானே "எங்கை நிக்கிறாய்?" என்று போட்டேன். இன்னும் ஒற்றை டிக்தான். துஆச் செய்யுங்கள்.