மச்சானின் சூத்திரம்

ஓய்வூதியத்தில் ஒரு பங்கைச் சந்தையில் போட்டுவைத்திருக்கும் என் மச்சான், இன்றைய நிஃப்டி 50 பட்டியலில் உள்ள கம்பெனிகளின் பழைய விலைகளையெல்லாம் எக்செல்லில் வரிசையாக அடுக்கி, ஆறு மாதம் ஏறியதையே வாங்குவது என்னும் தமது சூத்திரம் குறியீட்டையே விஞ்சிவிடுகிறதென்று, பச்சை பூசிய கட்டங்களைக் காட்டிப் பரவசமடைந்தார். இன்று பட்டியலில் இருப்பவை பிழைத்து வளர்ந்தவை மாத்திரமே என்பதையும், கணக்கு மோசடி அம்பலமாகி 2009 ஜனவரியில் அதிலிருந்து நீக்கப்பட்ட சத்யம் கம்ப்யூட்டர்ஸ் போன்றவை அவருடைய கணக்கில் பிரவேசிக்கவே இல்லை என்பதையும் விநயமாகச் சொன்னேன். தரகுக்கும், ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் போகும் 20 சதவீத வரிக்கும்கூட (சூத்திரமோ மாதந்தோறும் விற்கச் சொல்கிறது!) அதில் இடமில்லை.

“அதெல்லாம் சில்லறை, மாப்ளே” என்றார். ஆயினும் பழைய பட்டியல்கள் எங்கே கிடைக்குமென்று இரவே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.