கூட்டாத கணக்கு

பாண்டிருப்பிற் சில்லறைக் கடைக் கடன் கொப்பியில் வாங்கிய பொருள்களின் விலை நாள்தோறும் வரிவரியாக ஏறும். மொத்தமோ கேட்கும் நாளிலேயே கூட்டப்படும். 1990இல் முதல் வரையறை பெற்ற ஹஸ்கெல் என்னும் தூய சார்புவழி நிரல்மொழியின் இயல்பும் அதுவே. விடை வேண்டப்படும்வரை அது எதனையும் கணிப்பதில்லை. முடிவற்ற எண்வரிசையையும் அதனாலன்றோ அஞ்சாது எழுதலாகிறது! பத்து எண் கேட்பின் பத்தே பிறக்கும்.

ஆயின், அவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து இம்மொழி பயிலும் மாணவன் பத்து இலட்சம் எண்களைக் கூட்டப் புகுங்கால் இடறுகிறான். ‘ஃபோல்ட்எல்’ என்னும் செயலி கூட்டாது. கூட்டவேண்டுமென்ற குறிப்புகளையே அடுக்கிச் செல்லும். நினைவகம் நிரம்பும். தொகுப்பான் தானே செம்மைப்படுத்திக் காப்பதுமுண்டு. அதனை நம்பியிருத்தல் தகாது. உடனுக்குடன் கூட்டும் இணைச் செயலி நெடுங்காலமாக உண்டெனினும், தனியே வருவிக்காமற் கிடைக்கலானது 2024இலேதான். இத்துணைத் தாமதம் வியப்பே.

அதுவும் முழுமருந்தன்று. சராசரி காண மொத்தத்தையும் எண்ணிக்கையையும் சோடியாகச் சுமந்து சென்றால், அச்செயலி சோடி உளதா என்றளவிலே நின்றுவிடும், உள்ளிருப்பவற்றைத் தொடாது. கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டுக் கூட்டாமலே மூடுவதை ஒக்கும் இது. சோடிக்குப் பதிலாகப் புதிய தரவு வகையொன்றை அறிவித்து, அதன் இரு உறுப்புகளுக்கும் முன்னே வியப்புக்குறி இடுதல் வேண்டும். அப்பொழுதே இரண்டும் அவ்வப்போது கூட்டப்பட்டு, தேக்கம் தீரும்.