பிஸ்டன் பின்னும் கிற்றாரும்

ஒருகொடவத்தை லேத் பட்டறைகளுக்கு வரும் சாமான் பெரும்பாலும் லொறியிலிருந்து கழன்றதாகவே இருக்கும். தேய்ந்த ஷாஃப்ட், வாய் அகன்ற புஷ், மரை அழிந்த போல்ட். துறைமுகத்துக் கொள்கலன்கள் அடுக்கிக் கிடக்கும் யார்டுகளும், களனிப் பாலத்தை நோக்கி ஓயாமல் ஓடும் பார வாகனங்களும் இருக்கும்வரை இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. அப்படியான இடத்துக்கு ஒரு கிற்றார்காரரைக் கூட்டிக்கொண்டு போய், விரல் நீளத்தில் ஓர் உருக்குத் துண்டு கடைந்து தரச் சொன்னால் "எந்த வாகனத்துக்கு?" என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள்.

நண்பர் கொட்டாஞ்சேனைக்காரர். தேவாலயத்திலும் கல்யாண வீடுகளிலும் வாசிப்பவர். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த ரெசொனேட்டர் கிற்றார் ஒன்று அவரிடம் இருக்கிறது. ஒலிவாங்கியும் அம்ப்ளிஃபயரும் பரவாத காலத்தில், பெரிய வாத்தியக் குழுக்களின் இரைச்சலுக்குள் கிற்றார் காணாமல் போகக்கூடாது என்பதற்காக அமெரிக்காவில் டோப்யேரா சகோதரர்கள் உருவாக்கிய வாத்தியம் அது. 1927இல் நேஷனல் என்ற பெயரிலும், அடுத்த ஆண்டு டொப்ரோ என்ற பெயரிலும் வெளிவந்தது. வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்று ஸ்பீக்கர் மாதிரி அதிரும். நண்பருடையது மடியில் கிடத்தி வாசிக்கும் வகை. இடது கை கம்பியை அழுத்துவதில்லை. ஓர் உருக்குக் கட்டையைக் கம்பிகளின்மேல் வைத்து நகர்த்துகிறது. வாசிப்பவர்கள் அதை 'பார்' என்பார்கள். சுரம் பிறக்கும் இடம் அதுதான் என்பதால், கிற்றாரை மாற்றுவதை விட பாரை மாற்றுவது சில வேளை பெரிய விஷயம்.

ஸ்டீவன்ஸ், ஷப், ஷீர்ஹோர்ன் என்று பெயர்பெற்ற பார்கள் உண்டு. ஆனால் 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிய பிறகு, விரல் நீளத் துண்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க மனம் வருவதில்லை. தவிர, கையில் எடுத்துப் பார்க்காமல் பார் வாங்குவது, காலில் போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவதைப் போலத்தான்.

பட்டறையின் மூத்தவரை எல்லோரும் 'பாஸ்' என்கிறார்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். நண்பர் தொலைபேசியில் வாசிப்பைப் போட்டுக் காட்ட, ஒரு நிமிடம் கேட்டுவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிஸ்டன் பின்னை எடுத்து நீட்டினார். "இது சரிவருமா பாருங்க தம்பி. இத விட வழவழப்பா நான் கடைஞ்சாலும் வராது."

அவர் சொன்னது உண்மை. பிஸ்டனையும் கனெக்டிங் றொட்டையும் இணைக்கும் அந்தப் பின், மேற்பரப்பு கடினமாக்கப்பட்டு, கிரைண்டரில் அரைத்து மெருகேற்றப்பட்டது. நண்பர் அதைக் கம்பிமேல் வைத்ததும் வெண்ணெயாக வழுக்கியது. ஆனால் உள்ளே பொள்ளல். பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் 125 கிராம் அளவில் நின்றது. அழுத்தம் போதாமல் தடித்த கம்பிகள் இரண்டும் இரைந்தன. அழுத்திப் பிடித்தால் இரைச்சல் நிற்கிறது, கை இறுகிவிடுகிறது. நீளமும் 60 மில்லிமீற்றர்தான். ஆறு கம்பிகளையும் மூடிய பிறகு விரல் பிடிக்க இடமில்லை.

வாகனச் சாமானைக் கிற்றாருக்குக் கொண்டுபோவது ஒன்றும் புதிதல்ல. லிட்டில் ஃபீட் குழுவின் லோவல் ஜோர்ஜ், ஸ்பார்க் பிளக் கழற்றும் சொக்கெட்டை விரலில் மாட்டிக்கொண்டுதான் வாசித்தார். ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிக்கூடப் பையன் தண்டவாளத்தோரம் கிடந்த போல்ட்டால் கம்பியை உரசிப் பார்த்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். பிறகு பள்ளிப் பட்டறையிலேயே தனக்கு உருக்குத் துண்டு செய்துகொண்டானாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தொடங்கிய ஹவாயன் கிற்றார்தான் பெற்றிக் தெனிபிட்டிய போன்றவர்களின் கைவழியாக நம்முடைய சிங்களப் பாட்டுகளுக்குள்ளும் வந்தது. நமக்கோ அதற்கு அப்பால் கோட்டுவாத்தியமும் இருக்கிறது. அதற்குக் கருங்காலிக் கட்டை பழகியது. கோட்டுவாத்தியக் கலைஞர் நாராயண ஐயங்காரின் பேரன் ரவிகிரண் டெஃப்லோனுக்கு மாறினார். ஒரே அளவில் கடைந்தால் டெஃப்லோன் உருக்கின் எடையில் ஏறத்தாழ கால்பங்குதான். உரசல் சத்தமின்றிக் கமகம் வழுக்க அது போதும். கூம்பை அதட்டி எழுப்ப வேண்டிய டொப்ரோவுக்கு அது காணாது.

ஆக, முழு உருக்கு. 20 மில்லிமீற்றர் விட்டத்தில் 304 ரகத் துருப்பிடிக்காத உருக்குக் கோல். 75 மில்லிமீற்றர் வெட்டினால் 185 கிராம் வரும். பிடிப்புக்கு மூன்று பக்கமும் பள்ளம் எடுத்தால் 140 பக்கமாக இறங்கும். அந்த எடை நண்பருக்குப் பிடித்தது.

இந்த உருக்கு கடைசலுக்கு அடங்காத சாதி. கத்தி தயங்கி உரசினால் உரசிய இடமே இன்னும் இறுகிவிடும். அதனால் பாஸ் வேகத்தைக் குறைத்து, கத்தியை நிறுத்தாமல் செலுத்தினார். மூடியில் துளை போட்ட சோடாப் போத்தலிலிருந்து பால்நிறக் கட்டிங் ஒயிலை உதவிக்கு நிற்கும் பையன் சொட்டுச் சொட்டாக விட்டான். சுருள் நீண்டு வந்து தரையில் விழுந்தது. இருவர் கண்ணிலும் கண்ணாடி இல்லை. கேட்டால் "வேர்த்து மங்கிப் போவுது சேர்" என்றான் பையன். அவனுடைய லாச்சியில் கொரிய மொழிப் புத்தகம் ஒன்று இருந்தது. வேலைக்குப் போகும் பரீட்சைக்குப் படிக்கிறான்.

பள்ளம் எடுக்க மில்லிங் இயந்திரம் இல்லை. பழைய ஷேப்பர் ஒன்று முன்னும் பின்னும் போய்வந்து சீவியது. 2016 மே வெள்ளத்தில் மோட்டார் மூழ்கி, பிரித்துக் காயவைத்து மீட்ட இயந்திரம் என்றார் பாஸ். மேலே சுட்டுவிரல் படுக்க ஒரு பள்ளம், இரு பக்கமும் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இரண்டு. நண்பரின் விரலை வாங்கி வைத்துப் பார்த்துத்தான் ஆழத்தை முடிவு செய்தார். இதை எந்தக் கொம்பனியும் செய்யாது.

அடிப்பக்கம்தான் நேரத்தைத் தின்றது. கடைந்த உருளை எதிலும் கத்தி நகர்ந்த தடம் மயிரிழைக் கோடுகளாக நிற்கும். பாரை நேராக இழுக்கும்போது அந்தக் கோடுகள் கம்பியோடு ஒரே திசையில் ஓடுவதால் ஒன்றும் தெரியாது. பாரைச் சாய்த்து இரண்டு கம்பிகளில் வெவ்வேறு கட்டைகளைத் தொடும்போதுதான், கோட்டின் விளிம்பு கம்பிச் சுற்றில் சிக்கிக் கரகரக்கும். லேத்திலேயே சுழலவிட்டு 320இல் தொடங்கி 1500 வரை எமரித் தாள் பிடித்தார்கள். பிறகு கழற்றி, நீளவாக்கில் கையால் தேய்த்தான் பையன். கடைசியில் பஃப். பாஸ் விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தார்.

முன் நுனியில்தான் தகராறு. கூர்முனை எதையும் மழுக்கிவிடுவது லேத்காரர் பழக்கம். "கூரு விட்டா கைய கிழிச்சிரும்" என்று பாஸ் நுனியை நன்றாக உருட்டிவிட்டார். நண்பரோ கம்பியிலிருந்து பாரைப் பக்கவாட்டில் சடாரென இழுத்து, திறந்த கம்பியை ஒலிக்கவிடுகிறவர். உருண்ட நுனியில் கம்பி சோம்பலாக நழுவியது, ஒலி வழவழத்தது. முகப்பை மீண்டும் தட்டையாகக் கடைந்து, விளிம்பை அரை மில்லிமீற்றர் மட்டும் அரம் போட்டதும் கம்பி தெறித்தது. பாஸின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். தன் பட்டறையில் செய்த ஒன்று சத்தம் போடுவதை அவர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. "இன்னொருக்கா இழுங்க தம்பி" என்றார். பையன் லேத்தை நிறுத்தினான்.

கூலி பேசும்போது உருக்கின் விலையை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. தேய்த்த நேரத்துக்குத்தான் காசு. நியாயம்தான், வாசிக்கிறவர்கள் பார் வாங்கும்போது பெயரைவிட விளிம்பையும் மினுக்கையும்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

அடுத்தது பித்தளையில் ஒன்று வேண்டுமென்று நண்பர் ஆசைப்பட்டார். பித்தளை கடையச் சுகம், சீவல் பொடியாக உதிரும், எடையும் கொஞ்சம் கூட. ஆனால் நிக்கலோ குரோமோ பூசாவிட்டால் கம்பி அதைக் கீறிவிடும். பூச்சுக்கு வேறிடம் போகவேண்டும். "கடையிறதுக்கு நான் பொறுப்பு. பூச்சுக்காரன் எப்ப தருவான்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க" என்றார் பாஸ். நண்பர் யோசித்துவிட்டு, இதே உருக்கில், இதே விளிம்போடு, 5 மில்லிமீற்றர் கூடுதல் நீளத்தில் இன்னொன்று சொல்லிவிட்டு முற்பணம் கொடுத்தார்.