ரோஜாப்பூக் காசு

சிவகாசிப் பட்டாசுக் கட்டைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்கிறீர்கள்? மேலே ஒட்டியிருக்கும் படத்தைத்தானே? அணிலா, சேவலா என்று பார்த்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, வாங்கிவிடுகிறோம்.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நகரங்களும் இதே சூட்சுமத்தை அறிந்திருந்தன. ரோட்ஸ் தீவின் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் சூரிய தேவன் முகம். மறுபக்கம் ஒரு ரோஜாப்பூ. கிரேக்க மொழியில் 'ரோதோன்' என்றால் ரோஜா. எழுத்தறியாதவனும் பூவைப் பார்த்து ஊரைச் சொல்லிவிடுவான்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அலெக்ஸாந்தர் கி.மு. 323-ல் மாண்டார். ஆனால் அவர் பெயர் போட்ட காசைப் பல நகரங்கள் அதன் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தன. சிங்கத் தோல் அணிந்த ஹெராக்ளிஸ் தலை. பின்புறம் சிம்மாசனத்தில் ஸீயஸ், கையில் கழுகு. தங்கள் ஊர் முத்திரையைக் கூச்சத்தோடு ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்வார்கள். செத்துப்போன ராஜாவிடம் என்ன பக்தி என்கிறீர்களா? பக்தியாவது! சந்தையில் அந்தக் காசை யாரும் தட்டுவதில்லை. பெரிய காசு ஒன்று சுமார் 17 கிராம். நம் பாட்டிமார் முடிந்து வைத்த விக்டோரியா ரூபாயைப் போல ஒன்றரை மடங்கு. வெள்ளி வில்லையை அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்ததால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

அந்தக் கிரேக்கர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? கரூர் அமராவதி ஆற்று மணலைக் கேளுங்கள். ரோட்ஸ், கிரீட், திரேஸ் முதலிய இடங்களின் பழங்காசுகள் அங்கே அகப்பட்டன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000-ல் அவற்றைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். துபாயிலிருந்து உங்கள் வீட்டுப் பிள்ளை சம்பாதித்து அனுப்பும் திர்ஹம் இருக்கிறதே, அந்தப் பெயரும் கிரேக்க 'டிராக்மா'வின் வழி வந்ததுதான்.

மணலில் தப்பியதெல்லாம் உலையில் தப்புவதில்லை என்பதுதான் வருத்தம். விருதுநகரில் என் அத்தை, பேத்திக்குக் கொலுசு செய்ய நான்கு விக்டோரியா ரூபாய்களை உருக்கக் கிளம்பினாள். "பழசு, விலைமதிப்பில்லாதது" என்று நான் உபதேசம் செய்தேன்.

"உன் புத்தியையெல்லாம் பத்திரிகையில எழுதிக்கோ. புள்ள காலுக்கு என்னத்தப் போடுறது?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. கடைசியில் மூன்று பத்தரிடம் போயின. ஒன்றை எனக்காக வைத்திருந்து கொடுத்தாள், புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து! மகாராணியின் மூக்கு பாதி காணோம்.