லண்டனில் நெஞ்சு வலித்தால்...

நெஞ்சில் வலி கண்டால் நம் ஊரில் என்ன செய்வோம் என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. முதலில் ஒரு சோடா. அதற்கு அடங்காவிட்டால் ஓமத் தண்ணீர். அதற்கும் மசியவில்லையென்றால், யாருடைய மைத்துனருக்காவது தெரிந்த இருதய நிபுணர் ஒருவர் மயிலாப்பூரிலோ அண்ணாநகரிலோ இருக்கவே இருப்பார். சாயங்காலம் டோக்கன் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடலாம். கையில் பணம் இருக்கிற வரையில் நிபுணருக்கும் நமக்கும் நடுவே வேறு யாரும் கிடையாது.

லண்டனில் அந்த ஜம்பம் சாயாது. அங்கே இருதய நிபுணரிடம் நாமாகப் போய் நிற்க முடியாது. நம்மை ஒருவர் அனுப்பிவைக்க வேண்டும். அனுப்புகிற அதிகாரம் பேட்டை டாக்டருக்கு. 'ஜி.பி.' என்று இரண்டெழுத்தில் சொல்வார்கள். 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கிய காலத்திலிருந்து நடந்து வருகிற ஏற்பாடு இது. ஆகவே, அந்த ஊரில் நெஞ்சு வலிக்காரனுக்கு முதல் மருந்து வார்த்தைதான். வலியைச் சொல்லத் தெரிந்தவன் சீக்கிரம் போய்ச் சேருகிறான்.

இதை நான் என் அத்தான் விஷயத்தில் கண்கூடாகப் பார்த்தேன். 2019-ம் வருஷம் மேல் படிப்புக்காகப் போயிருந்தபோது, கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஈஸ்ட் ஹாம் என்றதும் பனியையும் மூடுபனியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் முருங்கைக்காய் கிடைக்கும். மசால் தோசை கிடைக்கும். மகாலக்ஷ்மி கோயிலுக்குள் நுழைந்தால் பிரசாதமும் கிடைக்கும். ஒரு புடைவைக் கடை வாசலில்தான் அத்தானின் வியாதி வெளிப்பட்டது.

அத்தானுக்கு அப்போது 52 வயது. கணக்கு உத்தியோகம். மாலையில் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் கடை ஜன்னல் முன் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாண நாள் நெருங்குகிறது என்று அக்காவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. நாலாம் நாள் அவள் கேட்டே விட்டாள்:

"அதே பச்சைப் புடைவையை எத்தனை நாள்தான் பார்ப்பீர்கள்?"

"புடைவையாவது! நடந்தால் நெஞ்சை அடைக்கிறது. நின்றால் சரியாகிவிடுகிறது. வாயுதான், வேறென்ன?"

கடை ஜன்னலைப் பார்ப்பதுபோல் நிற்கும் இந்த ஆசாமிகளை டாக்டர்கள் நன்றாக அறிவார்கள். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகிவிட்டால், சும்மா இருக்கும்போது போதுமான இரத்தம், நடக்கும்போது போதாமல் போகிறது. எதிரே குளிர்காற்று வீசினால் இன்னும் மோசம். இந்திய, பாகிஸ்தானிய, வங்காளதேசத்துக்காரர்களை மாரடைப்பு அதிகமாகத் தேடி வருகிறது என்பதால், அங்கே இருதய நோய் அபாயத்தைக் கணக்கிடும்போது வயது, இரத்த அழுத்தத்தோடு நம் பூர்வீகத்தையும் சேர்த்தே கூட்டுகிறார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தான் டெலிபோனில் ஜி.பி.யின் அலுவலகத்தைப் பிடித்தார். பெயர் வேண்டாம். "கேஸ் டிரபிள்" என்று நம்மூர் இங்கிலீஷில் சொன்னார். சமையல் கேஸ் கம்பெனிக்குப் பேசச் சொல்லாமல் விட்டார்களே, அதுவே பெரிது! வயிற்று உபத்திரவம் என்று எழுதிக்கொண்டு பத்து நாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

அக்கா டெலிபோனைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நடந்தால் நெஞ்சு இறுகுகிறது. இடது கை கனக்கிறது. நின்றால் ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிறது" என்று மூன்றே வாக்கியம். அன்று பகலே டாக்டர் பார்த்தார்! இங்கிலீஷ் வராதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பதில்லை. பத்து வயதுப் பேரனை அழைத்துப் போய்த் தாத்தாவின் நெஞ்சு வலியை விளக்கச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தை என்னத்தைச் சொல்லும்?

நெஞ்சு வலிக்கென்றே துரிதப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் அங்கே பார்த்தார்கள். நரம்பில் மருந்து ஏற்றி, இருதயக் குழாய்களை ஸி.டி. படம் பிடித்தார்கள். ஒரு குழாயில் குறுகல் தெரிந்தது. ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒரு மாத்திரை, வலி வந்தால் நாக்கின் அடியில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்ப்ரே. குழாயை விரிக்க மட்டும் காத்திருக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஜி.பி. எழுதி அனுப்பியதிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை என்பது அங்கே விதி. 2016-க்குப் பிறகு அந்த விதியைக் காப்பாற்ற முடியாமல் திண்டாடுகிறார்கள்.

சென்னையிலிருந்து அத்தானின் தகப்பனார் டெலிபோனில் கொதித்தார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "1975-லேயே நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் செரியன் பைபாஸ் பண்ணிவிட்டார். இந்தியாவிலேயே அதுதான் முதல். இங்கே இல்லாத வைத்தியமா? கிளம்பி வா!"

கிழவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வலி கூடிக்கொண்டு வருகிறவர் பத்து மணி நேரம் விமானத்தில் உட்காரலாமா என்று டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் வாங்குவது துணிச்சல் அல்ல, முரட்டுத்தனம். என் அபிப்பிராயம் அது. வீட்டில் இரண்டு கட்சியாகி வாக்குவாதம் நடந்தது.

அது முடிவதற்குள் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, படுத்திருந்தபடியே அத்தானுக்கு வலி வந்துவிட்டது. முகமெல்லாம் வேர்வை. ஸ்ப்ரேக்கும் கேட்கவில்லை. "டாக்ஸி கூப்பிடு" என்றார். அக்கா 999-ஐக் கூப்பிட்டாள். நம் தமிழ்நாட்டிலும் 2008 முதல் 108 ஓடுகிறது. இருந்தும் பலர் ஆட்டோவில்தான் ஏறுகிறார்கள். ஆட்டோவில் இ.ஸி.ஜி. கிடையாதே!

வந்த இருவரும் படுக்கையறையிலேயே இ.ஸி.ஜி. எடுத்து, அந்தக் காகிதத்தைப் பார்த்து, ஆஸ்பிரினை மெல்லச் சொல்லி, வண்டியில் ஏற்றினார்கள். அக்கா கூடப் போனாள். வண்டி பேட்டை ஆஸ்பத்திரியில் நிற்காமல் தாண்டி ஓடியதும், "இதோ இருக்கிறதே, நிறுத்துங்கள்!" என்று கத்திவிட்டாளாம். காகிதத்தில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால், இராப்பகலாய்க் குழாய் விரிக்கும் அறை திறந்திருக்கும் இருதய மையத்துக்கே நேரே கொண்டுபோவது லண்டன் வழக்கம். நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில் இறக்கி ஏற்றினால், அத்தனை நேரமும் இருதயத் தசை சாகும்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஸெயிண்ட் பார்த்தலோமியூ. 1123-ல் ஏற்பட்ட ஆஸ்பத்திரி. இருதயம் இரத்தத்தை உடலெங்கும் சுற்றிவர அனுப்புகிறது என்று 1628-ல் புத்தகம் எழுதிய வில்லியம் ஹார்வி அங்கேதான் வைத்தியராக இருந்தார். இப்போதுள்ள பெரிய இருதய மையம் அங்கே 2015-ல் திறந்தது. நான் டாக்ஸியில் பின்னாலேயே போய்ச் சேருவதற்குள் மணிக்கட்டு வழியாகக் கம்பி செலுத்தி, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள். அத்தானுக்கு மயக்க மருந்துகூட இல்லை; திரையில் தம் இருதயத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்பணம் எவ்வளவு என்று யாரும் வந்து கேட்கவில்லை.

இந்த இலவசம் எல்லாருக்கும் இல்லை. உத்தியோகத்துக்கோ படிப்புக்கோ ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் விசாவோடு சுகாதாரக் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 பிப்ரவரியில் அதைப் பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுனாக உயர்த்தினார்கள். மாணவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்குத்தான் ஆபத்து. அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசில்லை. உள்ளே படுக்கையில் சேர்த்துவிட்டால் வழக்கமான கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு பில் வரும். உயிருக்கு ஆபத்தென்றால் பணத்துக்காகச் சிகிச்சையை நிறுத்தமாட்டார்கள். பில் பின்னால் வரும். போகுமுன் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பழைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

2020 ஜனவரியில் அத்தான் சென்னைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக் கடிதமும் மாத்திரைப் பட்டியலும் சட்டைப் பையில் இருந்தன. கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு பிள்ளையின் சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பைத் தடவிப் பார்த்தார். தழும்பு இல்லை. மணிக்கட்டைக் காட்டினார் அத்தான். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்குள்ளேயா போனார்கள்?" என்றார் கிழவர்.